முதலில் உங்கட தலையில பூசுங்கோ

என்னைச் சண்டைக்குப் போகவிடாமல் தடுத்தே களைத்துப்போன என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது என் கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை. அதனால் போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் ராஜி அன்ரியின் சலூனுக்குப் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். பொடுகு என்று போன உன் தலையில் ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலில் இருந்த மருந்து ஷாம்பூவை ஊற்றினாள் அந்த மனுசி. லேபிள் இல்லை. சொறிந்து சொறிந்து உன் தலையில் புண் இருந்தது, அதையும் பார்க்கவில்லை. துவாய்த் துண்டைச் சுற்றி உட்கார வைத்தாள். எரிகிறது என்று நீ சொன்னதற்கு, உன்னிடம் படிக்கும் பிள்ளைகளைப் போலவே உன்னை ரீச்சர் என்று கூப்பிட்டு, "எரிஞ்சாத்தான் ரீச்சர் மருந்து பிடிக்குது. எண்ணெய் மாதிரித்தான், நல்லா ஊற வேணும்" என்றாள்.

நாம் தலையில் எண்ணெயை ஊறவைத்தே வளர்ந்தவர்கள். அதனால்தான் நீயும் நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய், இல்லையா? பிறகு தோல் வைத்தியர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இது எண்ணெய் இல்லை பிள்ளை. லேபிளில சொன்ன நேரம் மட்டும் வச்சு, நல்லாக் கழுவ வேணும். புண்ணில போடக் கூடாது, கண்ணில பட விடக் கூடாது. எரிஞ்சா உடனே கழுவிப்போட்டு எங்களிட்ட வரவேணும். லேபிள் இல்லாத போத்தலைத் தொடவே கூடாது."

தோல் உரிந்தது, முடி கொத்துக் கொத்தாய்ப் போனது. அதைக்கூட விட்டுவிடுவேன். தன் பிழையை மறைக்க, "ரீச்சருக்குத் தலையில ஒட்டுற வருத்தம்" என்று, ஏதோ தொற்றுநோய் போல, சலூன் இருக்கும் காலி வீதி முழுக்கச் சொன்னாளே, அதை எப்படி விடுவது? உன் ரியூஷன் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராய்த் தாய்மார் நிறுத்தினார்கள். உன்னைக் கொண்டுபோன மாரடைப்புக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமில்லை, அது எனக்குத் தெரியும், நான் விசரியில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் சத்தமில்லாத அந்த வகுப்பு ஹோலில் நீ தனியே இருந்தாயே. அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கலியாணக் காலம் என்பதால் சலூனில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் போனேன். உன் செத்த வீட்டுக்கு அவள் வரவில்லை, நானோ நகரத்தின் மறுபக்கம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறவள், என்னை அவளுக்கு எப்படித் தெரியும்?

"பொடுகு அன்ரி. சரியான கடி."

"அதுக்கென்ன, எங்கட மருந்து இருக்கு. ஒரு மணித்தியாலம் ஊறினாப் போயிரும்." இன்னொரு தண்ணீர்ப் போத்தல் வந்தது. இதற்கும் லேபிள் இல்லை.

"இதில என்ன மருந்து அன்ரி?"

"மருந்து மருந்துதான் பிள்ளை."

"அப்ப முதல்ல உங்கட தலையில பூசுங்கோ. நான் இருந்து பாக்கிறன்."

அவள் சிரித்தாள். நான் மூடியைத் திறந்து போத்தலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். சிரிப்பு நின்றது. "ஐயோ, எனக்கு வேண்டாம். ஒருக்காப் போட்டு எரிஞ்சு போச்சு."

"எப்ப எரிஞ்சது? என்ர ரீச்சர் அக்காவுக்குப் போட முந்தியா, பிறகா?"

தலையில் பூசிய சாயத்தோடு இருந்த ஒரு பெண் கதிரையை விட்டு எழும்பினாள். "அன்ரி, ஒட்டுற வருத்தம் எண்டு நீங்கள் சொல்லித்தானே நான் என்ர மகனை வகுப்பால நிப்பாட்டினன்?"

"அது... ஒட்டுற வருத்தமில்லை. மருந்து கூடிப்போச்சு."

"சத்தமாச் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னாள், அக்கா. எல்லாரும் கேட்கச் சொன்னாள். நான் போத்தலை மூடி என் பைக்குள் போட்டேன். திங்கட்கிழமையே அதைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்துவிட்டேன். வெளியே வரும்போது, "இப்ப சந்தோசமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான், இதைச் சொல்ல நீ இல்லையே என்று அழுகை வந்தது.

நேற்று அவள் எப்படியோ விலாசம் விசாரித்து, பழங்களோடு என் வீட்டு வாசலில் நின்றாள். "ரீச்சர் இருந்திருந்தா என்னை மன்னிச்சிருப்பா" என்றாள். உண்மைதான், நீ மன்னித்திருப்பாய். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருப்பாய். ஆனால் அந்த மன்னிப்பை நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதவைச் சாத்தினேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே, அன்று சலூனில் ஒப்புக்கொண்டதைத் திரும்பச் சொல்வாள். கூட்டிக்கொண்டு போகப் போவது நான்.

இந்த ஒரு விசயத்தில் உன் சொல்லைக் கேட்கவே மாட்டாத,
உன் தங்கச்சி