பன்னீர் சோடாக்காரனின் கல்லீரல்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இப்போதுதான் ஒரு பன்னீர் சோடா வாங்கினேன். மூடியைத் திறந்ததும் ரோஜா வாசனை அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், மச்சான்.

சாவு மேளத்துக்குப் போனால் அடிக்கிறவர்களுக்குக் கூலியோடு குவார்ட்டரும் கொடுப்பார்கள். நீ மட்டும் அதைத் தள்ளிவிட்டு சோடா கேட்பாய். "இன்னாடா, மேளம் அடிக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று பசங்க ஓட்டுவார்கள். "குடிச்சா அடி தப்பிடும்டா" என்பாய். அவ்வளவுதான்.

கல்லீரலில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்த சர்ஜன் உங்கம்மாவிடம் கேட்டார். "பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டா? பையன் குடிப்பான்ல?" இரண்டுக்கும் "ஆமா சார்" என்றாள். மறுத்துப் பேசினால் உன்னைச் சரியாகப் பார்க்க மாட்டார் என்ற பயம். டாக்டரிடம் இல்லை என்று சொல்லி நம் சனத்துக்குப் பழக்கமில்லை. கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார். மீதி தானாக வளர்ந்துவிடும் என்றார். உடம்பெல்லாம் மஞ்சளாகி நீ செத்த அன்று வராண்டாவில் நின்று சொன்னார்: "குடிச்சுக் கெட்ட லிவர்மா. எப்படி வளரும்?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லேப் படிப்பில் சேர்ந்தேன். இன்று அந்த சர்ஜன் லிவர் ஆபரேஷன் பற்றிப் பேச எங்கள் கல்லூரிக்கு வந்தார். உங்கம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு எழுந்தேன்.

"சார், குடிக்காதவனுக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் லிவர் ஃபெயிலாகுமா?"

"தாராளமா ஆகும். விட்டுவெச்ச துண்டு சின்னதா இருந்தா மொத்த ரத்தமும் அதுக்குள்ளயே பாயும். ரத்தக் குழாயோட உள்சுவர்ல இருக்கிற செல்லெல்லாம் அடிபட்டு உரிஞ்சிடும். குழாய் அடைச்சுக்கும். லிவரை வளரச் சொல்லி சிக்னல் குடுக்கிறதே அந்த செல்லுங்கதான். அதுவே போச்சுன்னா எப்படி வளரும்?"

"எவ்ளோ விட்டுவெக்கணும்னு முடிவு பண்றது யாரு சார்?"

"சர்ஜன்தான்."

உன் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கேஸ் வேறப்பா. அந்தப் பையன் குடிகாரன். அவங்கம்மாவே சொன்னாங்க."

உங்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல சார்" என்றாள். "எம் புள்ள ஒரு சொட்டு தொட்டதில்ல. பயந்துகினு சொன்னேன்."

மைக்கைப் பிடித்திருந்த அவர் கை கீழே இறங்கியதைப் பார்த்தேன், மச்சான். ஆசை தீரப் பார்த்தேன். ஆனாலும் போதவில்லை.

இப்போது என் பக்கத்தில் நிற்கும் உங்கம்மா இந்த சோடாவில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுகிறாள். அவர் அடுத்து எங்கே பேசப்போகிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கேயும் முன்வரிசையில்தான் உட்காருவோம்.