உடற்பயிற்சி அறை டிவி இணையவில்லை

நாள் 211 | காலை 8:10

வைகறை நிலையம், செவ்வாய். பதிவு செய்பவர் ஜெசிந்தா, தகவல்தொடர்புப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. அணு உலை நின்றுவிட்டது. மின்கலத்தில் ஓடுகிறோம், பத்து வாரம் தாங்கும். மீட்புக் கலம் அதற்குள் வந்துவிடும்.

இதை யார் எடுத்துப் படித்தாலும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே நாங்கள் இரண்டே பேர். முந்தாநாள் உலையில் கசிவு. உலைப் பொறியாளர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி உள்ளே போய்க் கையாலேயே வால்வை மூடினார். திரும்பும் வழியில் உடற்பயிற்சி அறைக்குள் வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அவர் உடம்பெல்லாம் கதிர்வீச்சுத் தூசி. கதவைத் திறக்கும் பிடி என் பக்கம்தான் இருக்கிறது. திறந்தால் தூசி இந்தப் பக்கம் வந்துவிடும், பிறகு நானும் பிழைக்க மாட்டேன். பூமியிலிருந்து மருத்துவர் பேசினார். அண்ணாச்சிக்கு நான்கைந்து நாள்தானாம்.

உள்ளே தண்ணீரும் அவசர உணவும் இருக்கின்றன. ஒரு மெத்தை, ஓடுவதற்கான இயந்திரம், ஓடிக்கொண்டே படம் பார்க்க ஒரு டிவி. சன்னல் கிடையாது. டிவிக்கு மேலே இருக்கும் கேமராவில் நான் அவரைப் பார்க்கிறேன், ஒலிபெருக்கியில் பேசிக்கொள்கிறோம். டிவியில் என்ன தெரிகிறது என்பதை அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

இன்றைய வேலை: அவர் மகள் செண்பகா, ஒன்பது வயது, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு காணொளி அனுப்பியிருக்கிறாள். என் லேப்டாப்பில் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை, அது அவருக்கு வந்தது. அதை அந்த டிவியில் காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

நாள் 211 | காலை 11:45

பத்து நிமிட வேலை என்று எழுதியவளை உதைக்க வேண்டும்.

லேப்டாப்பும் டிவியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. அறைக்குள் தனி வைஃபை பெட்டி, சுவருக்குள் கம்பி வழியாக என் பக்கம் வருகிறது, பழுதில்லை. பட்டியலில் டிவியின் பெயர் தெரிகிறது. அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் "இணைக்க முடியவில்லை". இருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளை, ஒரு சுவரைத் தாண்ட மாட்டேன் என்கிறாள்.

டிவியை அணைத்துப் போடச் சொன்னேன். திரைப் பகிர்வு திறந்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்க்கச் சொன்னேன். ரிமோட்டை வைத்துக்கொண்டு பொறுமையாக எல்லாம் செய்தார்.

"ஒண்ணும் வரல ஜெசி. நீலமா நிக்கி, அவ்வளவுதான்."

குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முகத்தோடு பார்க்கிறேன், நீ நிதானமாகச் சரி செய் என்றார்.

நாள் 212 | மாலை 4:20

திரைக்கான டிரைவரை அழித்து மறுபடி நிறுவினேன். ஃபயர்வாலை நிறுத்தினேன். அலைவரிசையை மாற்றினேன். வைஃபை பெட்டியை இங்கிருந்தே அணைத்து எழுப்பினேன். அதே வட்டம், அதே பதில். இந்த டிவியை வாங்கிய புண்ணியவானின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

அண்ணாச்சி இன்று இரண்டு முறை வாந்தி எடுத்தார். தலையைக் கோதினால் முடி கையோடு வருகிறது. அதை என்னிடம் காட்டி, உங்கள் ஊர் முடிவெட்டுகிறவரைவிட வேகம் என்று கேலி செய்தார். நான் சிரித்துவிட்டு மைக்கை அணைத்து அழுதேன். நடுநடுவே என் தம்பியின் கல்யாணம் எப்படி நின்றுபோனது, தூத்துக்குடியில் எந்தக் கடையில் புரோட்டா நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். டிவியைப் பற்றி அவராக ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நாள் 213 | காலை 9:30

கண்டுபிடித்துவிட்டேன்.

வைஃபை பெட்டி வழியாக டிவிக்குள் புகுந்து அதன் பதிவுகளைப் படித்தேன். டிவியில் பழுதே இல்லை. நான் இணைக்கக் கேட்டபோதெல்லாம் அது திரையில் அனுமதி கேட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: பயனர் மறுத்தார். பயனர் மறுத்தார்.

ரிமோட்டில் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு, நீலமாக நிற்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக.

எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவர் என்றும் பார்க்காமல் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்.

"அவளுக்கு வீட்ல யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. எப்ப வாறீங்கன்னுதான் கேப்பா. அவ மொகத்தப் பாத்தா எனக்கு உசுரோட இருக்கணும்னு ஆச வந்துரும் ஜெசி. கதவத் தொறன்னு ஒங்கிட்ட கேட்டுருவேன். நீயும் தொறந்துருவ. அதான் வேண்டாங்கேன்."

திறக்க மாட்டேன் என்றேன். எப்படிக் கேட்டாலும் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். காட்டவும் மாட்டேன் என்று நானாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

நாள் 214 | காலை 10:05

செண்பகாவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி:

"அப்பா பாத்தாங்களா? ஏன் பதில் போடல? எம்மேல கோவமா?"

அண்ணாச்சியை மூன்று முறை கூப்பிட்டேன். கண் திறக்கிறார், பேச்சு இல்லை. ரிமோட் கைநழுவிக் கீழே கிடக்கிறது. தண்ணீர்ப் புட்டியைத் தூக்கக்கூட முடியவில்லை.

இவர் எங்கே எழுந்து கதவுக்கு வரப்போகிறார்? மகளைப் பார்க்காமலே போய்விடுவாரே. அந்தப் பிள்ளை தன்மேல் அப்பாவுக்குக் கோபம் என்றே நினைத்துக்கொண்டு வளருமே.

அனுமதி கேட்காமல் இணைக்க நிர்வாகிக்கு ஒரு வழி உண்டு. இந்த நிலையத்தில் நிர்வாகி நான்தான்.

நாள் 214 | காலை 10:20

இணைந்துவிட்டது.

நானும் இப்போதுதான் பார்க்கிறேன். ஈரத்தலை, முன்பல் இல்லை. ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறாளாம், இது அப்பாவுக்கு, அம்மாவைக்கூடப் படுக்க விடமாட்டேன் என்கிறாள். அண்ணாச்சி முழுக் கண்ணையும் திறந்துவிட்டார். சிரிக்கிறார். செய்தது சரிதான், சரிதான்.

"எப்ப வாறீங்கப்பா?"

கேட்டுவிட்டாள்.

அவர் கையை ஊன்றுகிறார்.

நாள் 214 | காலை 10:40

எழுந்துவிட்டார். எப்படி என்று தெரியவில்லை. ஓடும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேமராவில் இப்போது வெறும் மெத்தைதான் தெரிகிறது. கதவில் தட்டுகிறார். பலமில்லாத தட்டல், உள்ளங்கையால்.

"கதவத் தொற ஜெசி."

படத்தை நிறுத்தினேன். தட்டல் நிற்கவில்லை. அண்ணாச்சி, போய்ப் படுங்கள், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கத்தினேன். அவருக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் என்ன.

பிடியில் என் கை இருந்தது. அரைவாசி திருப்பிவிட்டேன். இதை மறைக்க மாட்டேன். அவர் சொன்னது என்னைப் பற்றியும் சரிதான்.

பிறகு பழையபடி திருப்பினேன். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தட்டுவது முதுகில் தெரிந்தது. கோபப்படாதீர்கள் அண்ணாச்சி, கோபப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் திறக்கவில்லை.

நாள் 214 | மதியம்

தட்டல் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவடியில் விழுந்திருக்க வேண்டும், கேமராவுக்கு அந்த இடம் எட்டாது. நானும் அதே இடத்தில், இந்தப் பக்கம்.

காணொளி ஓடியதும் "பார்த்தாயிற்று" என்று பூமிக்குத் தானாகவே குறிப்பு போயிருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன அமைப்பில் அது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"ஜெசி அத்த, அப்பா பாத்துட்டாங்கன்னு காட்டுது. பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

அவர் சொன்னது மூன்று வார்த்தை. அவள் வளர்ந்து என்றைக்காவது இந்தப் பதிவைக் கேட்டு வந்தால், இதைக் கண்டெடுத்தவரே, தயவுசெய்து இந்தப் பக்கங்களைக் கொடுக்காதீர்கள். கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அவளுக்குப் பதில் எழுத வேண்டும். எழுதி எழுதி அழித்துவிட்டேன். மறுபடி தொடங்குகிறேன்.

செண்பகா, அப்பா ஒன்னயப் பாத்து அப்படிச் சிரிச்சாங்க. கோவமே இல்ல. கட்டில் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எந்திரிச்சு ஒக்காந்து பாத்தாங்க. பாத்துட்டு அப்புறம்