காலால் வந்த பிள்ளைகள்

ஒட்டன்சத்திரம்
8.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

சத்தியபிரியா எழுதுவது. மழையில் கிளாவரையில் செல்போன் டவர் போனதிலிருந்து உங்கள் குரலே கேட்கவில்லை. பூண்டு வண்டி முருகவேல் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்பதாம் மாதம் வந்தும் பிள்ளை தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விலாவுக்குக் கீழே உருண்டையாகத் தட்டுப்படுகிறது. லேசாகத் தள்ளினால் ஆடுகிறது. வேடிக்கையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. டாக்டர் வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பிப் பார்த்தார், திரும்பவில்லை. ஆபரேஷன் என்றால் பிள்ளைக்கு ஆபத்து குறைவாம். ஆனால் அடுத்த பிரசவத்துக்குத் தழும்பை நினைத்துக் கவனமாக இருக்க வேண்டுமாம். சுகப்பிரசவமும் சிலருக்கு நடக்குமாம், கைப்பழக்கமுள்ள டாக்டர் வேண்டும் என்கிறார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

உங்கள் மகனோ, "நான் காலால பொறந்தவன்தானே, எனக்கென்ன கொறச்சல்?" என்கிறார். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இவர் முன்னால்தான் குப்புறப் படுக்கிறார்கள். அந்தப் பெருமை இவருக்கு.

அவர் பிறந்தபோது முதலில் எந்தக் கால் வந்தது? தலை வர எவ்வளவு நேரம் ஆனது?

அன்பு மருமகள்
சத்தியபிரியா


கிளாவரை
11.6.2024

மருமகளுக்கு,

நல்ல கேள்வி கேட்கிறாய் போ. வலியில் கிடக்கிறவள் எந்தக் கால் என்றா பார்த்துக்கொண்டிருப்பாள்? இங்கே மழை விட்டபாடில்லை, பூண்டு காயவில்லை. முட்டை சாப்பிடு, குடம் தூக்காதே.

குஞ்சம்மாள்


ஒட்டன்சத்திரம்
13.6.2024

அத்தை,

முட்டை சாப்பிடுகிறேன். கேட்டதற்குப் பதில் வரவில்லையே. திங்கட்கிழமை டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

சத்தியபிரியா


கிளாவரை
15.6.2024

சத்தியபிரியா,

இடது கால். நன்றாக நினைவிருக்கிறது.

அவனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளும் காலால்தான் வந்தாள். கழுத்து வரை வந்தவளுக்குத் தலை நின்றுபோனது. ஊருக்கு பஸ் வராத காலம். தூக்கிப்போக ஆள் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து இவனும் அப்படியே வந்தான். இவன் தலை மட்டும் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊர் இவன் காலைக் கொண்டாடியது. அவளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

இதைச் செய் அதைச் செய் என்று சொல்ல மாட்டேன். உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். இதை அவனுக்கு வாசித்துக் காட்டு.

குஞ்சம்மாள்


ஒட்டன்சத்திரம்
18.6.2024

அன்புள்ள அத்தை,

வாசித்தேன். அழுதேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே இப்படிப் பிள்ளை எடுத்துப் பழகிய டாக்டர் இல்லை, இருந்திருந்தால் யோசித்திருப்பேன். ஆபரேஷன் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். அவரும் கூட வந்து கையெழுத்துப் போட்டார்.

ஒன்று மட்டும் எழுதச் சொன்னார். அக்காவுக்குப் பேர் வைத்தீர்களா என்று கேட்கிறார்.

சத்தியபிரியா


கிளாவரை
20.6.2024

மகன் அருணுக்கு,

பிரசவத்துக்குக் கூட இருக்க நாளைக்கு வண்டியில் வருகிறேன்.

மனசுக்குள் வைத்தேன். முருகேஸ்வரி. இத்தனை வருஷத்தில் கேட்டது நீ ஒருவன்தான்.

அம்மா