துக்கத்துக்கு வந்தவளுக்குச் சொன்ன விலை

இரும்புலியூர்
கார்த்திகை மாதம், ஞாயிறு மதியம்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு உன் அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி எழிலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த நார்வே குளிரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் கங்கையம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, என்னைப் பார்த்து நீயும் அழுகிறாய், சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. எழில் இதைப் படம் பிடித்து உடனே அனுப்புகிறேன் என்றான், வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்றேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

உன்னிடம் ஒரு ஆச்சரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என் பொண்ணு நார்வேயில் மீன் வெலை படிக்கிறா என்று உங்கப்பா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசுவார், பக்கத்துக் கடை சவுரிமுத்து அண்ணன் உடனே, வெலை படிக்க நார்வே இன்னாத்துக்கு, என் கூடையாண்ட வந்து குந்திக்கினா போதாதா என்று கேட்டுச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். நீ அங்கே என்ன படிக்கிறாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது, இப்போது கொஞ்சம் தெரிந்த மாதிரி இருக்கிறது. நம் கடைக்கு வியாழக்கிழமை தவறாமல் விலை கேட்க வரும் ஜோசலின் உனக்கு ஞாபகம் இருக்கும், தாம்பரத்தில் ஏதோ ஆராய்ச்சி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒல்லிப் பெண். அவளுக்கு முன்னால் வேறு ஆட்கள் வந்தார்கள். பதினோரு வருஷமாக உங்கப்பா வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு, நெத்திலி, இறால் இவ்வளவு என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போவார்கள். எதற்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

உங்கப்பா போனது ஆடியில் ஒரு புதன்கிழமை. மறுநாள் ஜோசலின் விலை கேட்கத்தான் வந்தாள், கடை மூடிக்கிடக்க, சவுரிமுத்து அண்ணன் சொல்லி நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ விமானம் ஏறி வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது, அதற்கு நீ இன்னும் வருத்தப்படாதே, உன் இடத்தில் அந்தப் பெண்தான் தலைமாட்டில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தூக்கும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்து நான் கடை போட்டதும் பழையபடி வியாழக்கிழமை வந்து, சங்கரா இன்னைக்கு எவ்ளோம்மா என்று கேட்டாள். நம் ஆட்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சாவு வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தவளுக்கு லாபம் வைத்து விலை சொல்ல மாட்டோம். நானூற்றி இருபதுக்கு விற்றுக்கொண்டிருந்த சங்கராவை அவளிடம் முந்நூறு என்றேன். வாய் அப்படித்தான் வந்தது. அவள் வாங்கவா கேட்டாள், எழுதத்தான் கேட்டாள், அது என் மண்டையில் ஏறவே இல்லை. பதினேழு வாரம் எல்லா மீனுக்கும் இப்படியே சொல்லியிருக்கிறேன்.

போன வியாழன் அவளோடு அவள் ஆபீஸ் பெரியவர் சாலமோன் சாரும் வந்தார். ஜோசலின் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், கண் சிவந்திருந்தது. சார் நேரே சவுரிமுத்து அண்ணனிடம் போய், இங்கே சங்கரா முந்நூறுதானே என்று கேட்டார். அண்ணன், இன்னா சார், அந்த வெலைக்கு எங்க கீதுன்னு சொல்லு, மொத்தமா நானே வாங்கிக்கிறேன் என்றார். சார் முகம் கறுத்துப்போனது. அப்புறம்தான் எனக்கு விஷயமே புரிந்தது. இந்தப் பெண் கடைப்பக்கமே வராமல் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதிவிட்டாள் என்று ஆபீஸில் நினைக்கிறார்கள், இந்த மாசத்தோடு வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். பொய் விலை சொன்னதற்குப் போலீஸ் வருமோ என்றுகூடப் பயந்தேன், ஆனால் உங்கப்பா இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பாரா. சார், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, நான் சொன்னதத்தான் எழுதிச்சு என்று எல்லாவற்றையும் சொன்னேன். துக்கத்து விலை என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ரெண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

அப்புறம் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வெண்ணிலா, அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கோடு. அதில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் உங்கப்பா வாயால் சொன்னது. மீன்பிடித் தடைக்காலம் வருகிற ஒவ்வொரு வருஷமும் கோடு கோபுரம் மாதிரி நிமிர்கிறது, புரட்டாசியில் பள்ளத்தில் இறங்குகிறது. முடிச்சூர் முழுகின வெள்ளத்தில் மீனே இல்லை என்று அவர் சொன்னதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் நாற்பது கடைக் கோடுகளை ஒன்றாகப் போட்டுக் காட்டினார், எல்லாம் கை கோத்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன. கூடுவாஞ்சேரிக்காரியின் முகம்கூட எனக்குத் தெரியாது, அவள் விலை ஏற்றிய வாரம் நானும் ஏற்றியிருக்கிறேன், எங்களுக்கு யார் சொன்னார்கள். அமெரிக்காவில் வரி போட்டால் அங்கே போக வேண்டிய இறால் இங்கேயே தங்குமாம், அதனால் நம் ஏழைபாழைக்கு மலிவாகக் கிடைக்கிறதா, குளம் வைத்து வளர்க்கிறவன் பிழைப்பு என்ன ஆகிறது என்று பார்த்து மேலே எழுதிக் கொடுக்கிறார்களாம். எங்கோ ஒருவன் கையெழுத்துப் போட்டால் இரும்புலியூரில் என் கூடை அசையுமா என்று கேட்டேன். அசையுதான்னு பாக்கத்தாம்மா உங்ககிட்ட வர்றோம் என்றார். நீ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் இப்படி ஒரு கோட்டைத்தானா.

பதினேழு வாரத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார் சார். வேண்டாம், நிஜ விலையை நான் சொல்கிறேன் என்றேன். எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார், எழுதவில்லை, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். உங்கப்பா இல்லாமல் போட்ட கடையில் ஒரு வியாழனும் எனக்கு மறக்கவில்லை. அவர் சட்டைகளை எடுத்துக் கொடுத்த வாரம் வஞ்சிரம் ஆயிரத்து ஐம்பது. தராசை நான் தனியாகத் தூக்கி விரலை நசுக்கிக்கொண்ட வாரம் நெத்திலி இருநூற்றி நாற்பது. அவர் இல்லாத தீபாவளிக்கு முந்தின வியாழன் இறால் நானூற்றி அறுபதிலிருந்து நானூறுக்கு இறங்கியிருந்தது. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன், ஜோசலின் அழுதுகொண்டே தட்டினாள். சார் அதைக் கோவளத்து ஏல விலையோடு ஒத்துப் பார்த்தார், கடை லாபம் போகப் பத்து இருபது ரூபாய்தான் வித்தியாசம். என் துக்கத்து விலையை எடுத்துவிட்டதும் மற்ற மீன் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, இறால் மட்டும் ஆவணிக்கு மேல் மெல்ல இறங்குவது தெரிந்தது. அமெரிக்க வரியின் அந்த அசைவைத்தான் சார் தேடியிருக்கிறார். ஜோசலினுக்கு வேலை போகவில்லை, அம்மா, இனிமே பேப்பருக்கு ஒரு வெலை, எனக்கு ஒரு வெலைன்னு தனித்தனியா சொல்லுங்க என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிண்டல் செய்தாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஆடியில் கடை மூடியிருந்த மூன்று வியாழன் காலியாக இருந்தது. முன்னே பின்னே இருக்கிற விலையைப் பார்த்து மிஷினே அதை நிரப்பிவிடும், கோடு ஒட்டிக்கொள்ளும் என்றார் சார். வேண்டாம் சார், அன்னிக்கு அவரு ஒண்ணும் சொல்லல என்றேன். அவர் சரி என்று விட்டுவிட்டார், காரணம் எழுதுகிற கட்டத்தில் ஜோசலின், விலை சொல்பவர் இறந்துவிட்டார் என்று போட்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. உன் படிப்பு நல்லபடி முடிந்து நீ பெயரோடு விளங்க அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, உங்கப்பாவும் உன் கூடவே இருக்கிறார். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கணக்கு அடுத்த வருஷம் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கும் போகும் என்று சார் சொன்னார், உன் கைக்கும் வரலாம். இரும்புலியூர் கோடு ஆடியில் அறுந்திருக்கும். நீயும் அதை ஒட்ட வைக்காதே.

உன் அம்மா
வீ. பூவம்மாள்