எலிகளின் படுக்கையும் உன் பெயர்ப் பலகையும்

என் அருமை எமில்டா அக்கா,

நீ எங்களை விட்டுக் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. போன வாரம், நாம் இருவரும் வேலை பார்த்த எலி அறையின் கதவில் உன் பெயரைப் பொருத்தினார்கள். சந்தோஷப்படாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நீ பொறுப்பாக இருந்தபோது ஆய்வுக்கூட எலிகளுக்கு மரச்சீவலைத்தானே விரித்தோம்? புதிய பொறுப்பாளர் அதை நிறுத்திவிட்டு, பிலிமத்தலாவை மர ஆலையிலிருந்து மாவு போன்ற மரத்தூளை மூட்டை மூட்டையாக இறக்குகிறார். பேராதனை மழை உனக்குத் தெரியாததா? தூள் மேலே புழுதியாகப் பறக்கிறது. அடியில் மூத்திரத்தில் ஊறிச் சேறாகிறது. கூட்டைத் திறந்தால் நெடி கண்ணைக் கரிக்கிறது. அதிலேயே மூக்கை வைத்துப் படுத்திருப்பவற்றுக்கு எப்படி இருக்கும்? ஓயாமல் தும்முகின்றன, அக்கா. தாய் எலிகள் குட்டிகளை மூடி வைக்க ஒரு சீவல்கூட இல்லாமல் மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டு அலைகின்றன.

பொறுப்பாளரிடம் சொன்னேன். “ஓம் பிள்ளை, விளங்குது. அதுக்காக எலிக்குப் பஞ்சு மெத்தையே போடுறது?” என்று சிரித்தார்.

“சார், சீக்கு எலிய வச்சு மருந்து சோதிச்சா, வர்ற முடிவ யாரு நம்புறது?”

“விழா முடியட்டும், பாப்பம்” என்றார்.

என்ன விழா? உன் பெயர்ப் பலகை விழாதான்! விருந்தினர் வருகிறார்கள் என்று, நான் லீவில் இருந்த நாளில் எல்லாக் கூடுகளையும் சுரண்டிக் கழுவி, வாசனைத் தண்ணீர் தெளித்து, புதுத் தூளைக் கொட்டிவிட்டார்கள். பழைய படுக்கையில் காய்ந்த ஒரு பிடியை எடுத்துப் புதியதில் போடும் நம் வழக்கம் ஒருவருக்கும் நினைவில்லை. தங்கள் வாசனை போனதும் ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிட்டன. மறுநாள் நான் போனபோது வால்களில் ரத்தம். அந்தக் கூடுகளைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு உன் படத்துக்கு மாலை போட்டார்கள். உன் கருணையைப் பற்றிப் பொறுப்பாளர் பேசினார். உனக்குக் கேட்டதா?

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பின்னறைக் கூடு ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். “இதப் பாத்துட்டுக் கைதட்டுங்க” என்றேன். ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் போன பிறகு பலகையை நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. “தேயிலைத் தோட்டத்துப் புள்ள பேரு ஒரு கதவுல ஏறுச்சு. அதையும் எறக்கிட்டியேடி!” என்று அழுததுதான் கடைசி. எனக்கு மட்டும் அந்தப் பெயர் அங்கே இருக்க ஆசை இல்லையா?

என் வேலை போனாலும் போகட்டும். அந்த எலிகள் காய்ந்த படுக்கையில் சுருண்டு தூங்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரை, மூச்சு விட முடியாத ஓர் அறைக்கு என் அக்காவின் பெயரை வைக்க விடமாட்டேன்.

கலஹாவிலிருந்து,
உன் கோபக்காரத் தங்கை
ஜெசிந்தா