செவ்வாய்க்கிழமைக் கொலையாளிகள்

பேருந்துத் தரிப்பிடத்தில் இன்று புதிய திரைப்படச் சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். யாரோ ஒருவனுடைய தலைக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுக்கக் கிளம்பிய எட்டுக் கொலையாளிகள் துவக்கும் கையுமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உடனே உன் நினைவு வந்தது. இறந்த சிநேகிதியை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகை மணம் வாய்க்கும். எனக்கு வாய்த்தது இது.

பல்கலைக்கழகத்தில் உனக்கு முதல் வகுப்பு, எனக்கு இரண்டாம் வகுப்பு. நாம் இருவரும் விதவைகளாகி, புலம்பெயர்ந்து வந்த லூயிஷாமில் மறுபடி சந்தித்தபோது நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வென்றவர்களுக்கு மறதி சுலபம்.

புதன்கிழமை காலைகளில் முதியோருக்கான காட்சிக்குப் போவோம். படம் தொடங்கியதும் ஆளுக்கொரு கொலையாளியைத் தெரிவுசெய்வோம். எவருடைய ஆள் முதலில் சாகிறானோ அவர் மற்றவருக்குத் தேநீர் எடுத்துவர வேண்டும். வருடக்கணக்காக நானே எடுத்துவந்தேன்.

"தன்ரை துவக்கைத் தானே துடைக்கிறவன் சாகமாட்டானடி. கவனிச்சுப் பாரன்" என்பாய். நம்பினேன். அடுத்த படத்தில் துவக்கைத் துடைத்தவன்தான் முதலில் செத்தான். அன்று நீ வேறொருவனைத் தெரிவுசெய்திருந்தாய்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள், இப்ப டிக்கெட் எடுத்துப் பாக்கிறியளோ?" என்று என் மகன் நம்மைக் கேலிசெய்தான்.

"அங்கை ஆர் சுடுறான் எண்டு தெரியாது, தம்பி. இங்கை முகம் தெரியுது" என்றாய்.

அந்தப் பதிலும் எனக்குத் தோன்றாமல் உனக்கே தோன்றியது.

உன் மரணச்சடங்கில், நகரின் மறுகோடியிலுள்ள வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த ஒருத்தி என்னிடம் வந்தாள். நம்மைவிட இளையவள்.

"புதன்கிழமை அக்கா நீங்கள்தானே? அவ செவ்வாய்க்கிழமை என்னோடை பாத்துப்போட்டுத்தான் உங்களோடை வருவா."

"அதே படத்தையோ?"

"ஓம். ஆர் கடைசிவரைக்கும் நிப்பான் எண்டு பாத்து வைக்க. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

முழங்கால் வலி என்று என் வீட்டு மாடிப்படி ஏற மறுத்தவள், வாராவாரம் ரயிலேறி வால்தம்ஸ்டோ போயிருக்கிறாய்.

ஏமாற்றியதை மன்னிக்கலாம். என்னிடம் தோற்க நீ பயந்தாய் என்பதில் எனக்குச் சற்றுத் திருப்திகூட. மன்னிக்க முடியாதது வேறு. ஒவ்வொரு படத்திலும் நீ மெய்யாகத் திடுக்கிட்டது அவளுக்குப் பக்கத்தில். எனக்குக் காட்டியதெல்லாம் நடிப்பு. இத்தனை வருடச் சிநேகிதத்தில் நான் உனக்கு இரண்டாம் நாள்.

போன மாதம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, தனியப் போக ஏலாமல் கிடக்கு. இந்தச் செவ்வாய் வாறியளோ?"

வருவதாகச் சொன்னேன். திங்கட்கிழமையே தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, எதிர்பார்த்தபடி, வென்றேன். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்ததும், நான் போனதற்கு உண்மைக் காரணமான கேள்வியைக் கேட்டேன்.

"அவ பயந்தால் என்ன செய்வா?"

"கண்ணை இறுக்கி மூடிப்போட்டு, 'முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ' எண்டு என்னட்டைக் கேப்பா."

என் பக்கத்தில் நீ ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. நான் காணாத அந்த முகத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு வீடு வந்தேன். அதைத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.