மூன்றாம் ஓலை

ஆவூர்,
13.5.2024

திருச்சிக் கல்லூரியின் தத்துவப் பெண்சிங்கம், கிரேக்கம் நடுங்கும் பேராசிரியை, என் தங்கை மகள் ஷர்லிக்கு, ஈரேழு உலகமும் கிடுகிடுக்க ஞானமணி மாமன் எழுதுவது.

நேற்று மாதா கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு, இரண்டாம் ஓலை, வாசித்தாயிற்று; வரும் ஞாயிறு மூன்றாவதும் வாசித்துவிட்டால் தாலிதான். "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் சொன்னபோது தூண்களே மூச்சை அடக்கிக்கொண்டன. பூசை முடிந்ததும் மாப்பிள்ளை சார்லஸின் அப்பா வந்தார். "பொண்ணு கொணம் எப்படிங்க? தாய்மாமன் நீங்க சொன்னாப் போதும்."

நல்ல குணம் இரண்டு ஓரங்களுக்கு நடுவே நிற்கும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்ல நினைத்தேன். சுற்றிலும் நாற்பது பேர். நடுவே நிற்பதற்கெல்லாம் எவன் சிரிப்பான்?

"இதுக்கு முன்னாடி இவளுக்கு ஏழு தடவ ஓலை வாசிச்சாச்சுங்க! ஏழு பேரும் ஓடிட்டானுக. ஒருத்தன் இன்னும் திருமயம் கோட்டை மேல ஒளிஞ்சு கெடக்கான்" என்றேன்.

சிரிப்பில் மணிக்கூண்டு ஆடியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பித்தம் போலும்.

ஞானமணி

திருச்சி,
15.5.2024

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் கத்திவிடுவேன்.

ஒரு தடவை எனக்கு ஓலை வாசித்ததும், அவன் துபாய்க்குப் போய்த் திரும்பாததும் உங்களுக்குத் தெரியும். சார்லஸுக்கும் தெரியும். அவர் அப்பாவிடம் நானே சொல்ல இருந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டு அந்த அப்பா ஆவூரில் விசாரித்திருக்கிறார். அந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. மற்ற ஆறும் நிஜம் என்கிறார். மூன்றாம் ஓலையை நிறுத்தப் போகிறார்.

சிரிக்க வைப்பதும் நல்ல குணம்தான் மாமா. அதற்கு ஒரு ஓரத்தில் உம்மணாமூஞ்சி, மறு ஓரத்தில் கோமாளி. கோமாளியால் ஒரு ஜோக்கைக்கூட விழுங்க முடியாது. நடுவே நிற்பது பழகினால்தான் வரும். ஒரே ஒரு நாள் நில்லுங்கள். "ஒன்றுதான், பெண் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

ஷர்லி

ஆவூர்,
18.5.2024

அறிவுக் கடலே, மருமகளே,

மணமேல்குடிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஆயிரம் குதிரை வேகத்தில் பஸ் பறந்தது. நீ எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்தேன். மனிதர் முகம் பூத்துவிட்டது. "ஒண்ணுதானா! அட, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. டீ குடிங்க."

டீ வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அத்தனை கண்ணும் என் வாய் மேல். சும்மா இருக்க நான் என்ன மைல்கல்லா?

"ஒண்ணுதாங்க, உசுரோட இருக்கவன மட்டும் எண்ணினா" என்றேன்.

ஒரு சின்னப் பெண் சிரித்தாள். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்ச டீயை வாசலில் கொட்டினார். சார்லஸ் தலை நிமிரவேயில்லை.

நாளை ஓலை கிடையாது. ஆனாலும் சொல்லு ஷர்லி, ஜோக் பிரமாதம்தானே?

ஞானமணி

திருச்சி,
22.5.2024

மாமா,

பிரமாதம்தான்.

சார்லஸ் மோதிரத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டார். அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. உங்கள் பெயரை எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அறுபத்திரண்டு வருஷம் பழகியதை ஒரு நாளில் விடச் சொன்னது என் முட்டாள்தனம். இனி எழுத வேண்டாம், பிரிக்க மாட்டேன். வீட்டுக்கும் வர வேண்டாம்.

அம்மா போனால் தகவல் வரும். பிறந்த வீட்டுத் துணியைப் போர்த்திவிட்டு உடனே கிளம்பிவிடுங்கள். அன்றைக்கும் கூட்டம் இருக்கும். உங்களுக்கு ஏதாவது தோன்றும்.

ஷர்லி